குதிரையின் காலடியில் கிடந்தவன்

உடைத்தவன் முகத்தை மட்டும்தான் உடைத்திருந்தான். ஆனால் சிவகுருவர் முகத்தைப் பார்க்கவில்லை. தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, நெடுந்தீவின் ஆடி மாத வெய்யிலில் குந்தியிருந்து, அந்தச் சிலையின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. விடியற்காலை வள்ளத்தில் குடித்த கோப்பி முழுவதையும் அவர் கடலுக்குத் தானம் செய்திருந்தார், ஆகவே அவருக்குப் பசி இல்லை. நான் ஊர்காவற்றுறையில் பிறந்தவன். என் வயிறு கடலில் ஆடாது, ஆனால் மத்தியானம் தாண்டினால் கூப்பாடு போடும்.

இவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவகுருவர் யாழ்ப்பாணம் நீதவான் கோட்டிலே மொழிபெயர்ப்பாளராக இருந்து, பொய்யை இரண்டு பாஷையிலும் கேட்டுக் காது பழுத்தவர். பென்சன் எடுத்த பிறகு துப்பறிகிறார். நான் சில்வெஸ்ரர். அவருடைய குடையைப் பிடிப்பதும், அவர் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளைக் கேட்பதும் என்னுடைய உத்தியோகம்.

விசயம் இதுதான். கடற்கரைக் கத்தோலிக்கக் கோயிலுக்கு வெளியே, வெட்டவெளியில், ஒரு புதுச் சுருவம், அதாவது புனிதரின் சிலை. வெள்ளைக் குதிரையில் வாளோடு வருகிற சந்தியோகுமையோர், புனித யாக்கோபு. முருகைக்கல் என்கிற பவளப்பாறைக் கல்லால் எழுப்பிச் சுண்ணாம்புச் சாந்தால் உருவாக்கியது. தலைக்கு மேலே தூக்கிய வாள், பாய்கிற குதிரை, குதிரையின் முன்னங்காலுக்குக் கீழே மல்லாந்து கிடக்கிற எதிரி. செய்தவள் நாரந்தனையைச் சேர்ந்த அன்னமுத்து. ஒரு பெண் சுருவம் செய்வதா என்று ஊர் முதலிலேயே முணுமுணுத்தது. தவக்காலத்திலே தொடங்கினாள். நாளைக்குத் திருநாள், ஓலை மறைப்பை நீக்கி ஊருக்குக் காட்டவேண்டும். முந்தநாள் மாலை யாரோ மறைப்புக்குள்ளே புகுந்து, அவளுடைய சுத்தியலாலேயே கீழே கிடந்த எதிரியின் முகத்தைத் தூளாக்கிவிட்டான். சந்தியோகுமையோர் மேலே ஒரு கீறல் இல்லை. குதிரையின் காதுகூட முழுசாக இருந்தது.

பொலிசுக்கு உடைந்த சுண்ணாம்பில் அக்கறை இல்லை. ஆகவே அந்தக் கோயில் பாதிரியான சுவாமியார் எங்களுக்கு ஆள் அனுப்பினார்.

முகம் இருந்த இடத்தில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. சாந்துக்குப் பனங்கட்டித் தண்ணீர் விட்டுக் குழைப்பார்களாம். ஒரு மனிதனுடைய முகம் இருக்கவேண்டிய இடத்தில் எறும்பு ஊர்ந்து திரிவதை என்னால் கனநேரம் பார்க்க முடியவில்லை.

"சனம் என்ன சொல்லுது?" என்று கேட்டார் சிவகுருவர், நிமிராமல்.

"பொம்பிளை செய்த சுருவம் எண்டு குதிரையே கோவிச்சு உதைச்சிட்டுதாம். காலமை அவவின்ரை கொட்டிலுக்குக் கல்லும் எறிஞ்சிருக்கினம்."

"குதிரை சுத்தியலாலை உதைக்காது."

"நெடுந்தீவுக் குதிரை ஐயா. என்னவும் செய்யும்."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டினார். "சில்வெஸ்ரர், இது கோவத்திலை உடைச்ச வேலையில்லை. கோவக்காரன் எண்டால் குதிரையின்ரை வாலாவது போயிருக்கும். இந்த முகத்தை நாளைக்கு ஊர் காணக்கூடாது எண்டு உடைச்சிருக்கிறான். ஆனால் அந்த முகம் இன்னும் ஓரிடத்திலை பத்திரமாக் கிடக்கு."

"எங்கை?"

"அந்தப் பிள்ளையின்ரை மண்டைக்குள்ளை. அவன் அதையும் உடைக்க வருவான்."

நான் குடையை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன்.

அன்னமுத்து தங்கியிருந்த கொட்டில் கோயிலுக்குப் பின்னாலே இருந்தது. வாசலில் ஒரு பெரிய மனிதர் பொல்லோடு காவல் இருந்தார். கோயில் மூப்பர், சுவாமியாருக்கு அடுத்தபடி ஊர் அவருடைய சொல்லைத்தான் கேட்கும். பெயர் சின்னக்குட்டி. வைத்தவர்கள் ஆளைப் பார்த்துவிட்டு வைத்திருக்கமாட்டார்கள், மனிதர் அவ்வளவு உயரம். காலையில் கல்லெறிந்த பொடியன்களைக் கலைத்துவிட்டவர் அவர்தான் என்று சுவாமியார் சொல்லியிருந்தார்.

"உள்ளை போங்கோ ஐயா. நான் இருக்கிற வரைக்கும் ஒருத்தனும் கிட்ட வரான்," என்றார்.

அன்னமுத்துவுக்கு முப்பது வயதுக்கு மேலே இருக்கும். சுண்ணாம்பு தின்று விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பவில்லை.

"சுருவம் செய்த பொம்பிளையைப் பாக்க வந்தியளோ, இல்லாட்டித் துப்பறிய வந்தியளோ?"

"ரெண்டுக்கும்தான் பிள்ளை," என்று சிவகுருவர் பாயில் இருந்தார். "உம்மடை குதிரை வலு வடிவு. படத்திலை கிடக்கிற குதிரையில்லை அது. எங்கை பாத்தனீர்?"

அவளுடைய முகம் கொஞ்சம் இளகியது. "மேற்கு வெளியிலை மட்டக்குதிரையள் மேயுது. போய் நாள் முழுக்க இருந்து பாத்தனான். ஒண்டு உதைச்சு இந்தப் பல்லும் போச்சு." வாயைத் திறந்து காட்டினாள்.

"சந்தியோகுமையோர்?"

"என்ரை அப்புவின்ரை முகம். கண்ணாலை காணாத ஒண்டையும் என்ரை கை செய்யாது ஐயா. அது எனக்கு ஒரு வியாதி."

"நல்ல வியாதி. அப்ப கீழை கிடக்கிறவனை எங்கை கண்டனீர்?"

அவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "அதைச் சொல்ல ஏலாது."

"சரி, நான் சொல்லுறன். சண்டையிலை விழுந்தவன்ரை கால் ஒண்டு கிழக்கை போகும், ஒண்டு மேற்கை போகும். இவன்ரை கால் ரெண்டும் நேரா நீட்டிக் கிடக்கு. பெருவிரல் ரெண்டும் ஒட்டிக் கிடக்கு. விரலைச் சுத்தி நூல் அழுத்தின தடம்கூட வைச்சிருக்கிறீர். பிள்ளை, நீர் பாத்தது விழுந்தவனையில்லை. கிடத்தினவனை."

என் வாயில் வந்த பகிடி அங்கேயே செத்துப்போனது. எங்கள் பக்கத்திலே சைவமோ கிறிஸ்தவ வேதமோ, ஆள் கண்ணை மூடினால் உடம்பு விறைக்குமுன் தாடையைக் கட்டுவார்கள், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். உயிரோடு இருக்கிற எவனுடைய விரலையும் அப்படி யாரும் கட்டுவதில்லை.

அன்னமுத்து அழத் தொடங்கினாள். அழுகையோடு கோபமும் இருந்தது, தன்மேலேயே கோபம்.

"தவக்காலத்திலை, வேலை தொடங்கின புதிசு. வெள்ளை முருகைக்கல் பொறுக்கத் தெற்குக் கரைக்குப் போனனான். அங்கை ஒரு மீன்வாடி. கதவு துறந்து கிடந்தது. உள்ளை ஒரு மனிசன், பாயிலை கிடத்தி, தாடை கட்டி, கால் கட்டி, தலைமாட்டிலை மெழுகுதிரி. ஒருத்தரும் இல்லை. சவப்பெட்டி எடுக்கப் போயிட்டினம் எண்டு நினைச்சன். முழங்காலிலை இருந்து செபம் சொன்னன். செபம் முடிஞ்சும் நான் எழும்பேல்லை ஐயா. பாத்துக்கொண்டே இருந்தன். அப்பிடி ஒரு முகம். நெத்தியிலை ஒரு வெட்டு, ஆனாலும் அமைதி."

"அந்த வெட்டையும் வைச்சனீரோ?"

"ஓம். மீசையை மாத்தினன், தாடி வைச்சன். நெத்தியை மாத்த மனம் வரேல்லை." மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "ஞானஸ்நானம் பெற்ற ஒரு மனிசனை எதிரியாக்கிக் குதிரையின்ரை காலுக்குக் கீழை போட்டிட்டன். செத்தவீட்டுக்காரர் ஆரோ கண்டு உடைச்சிருக்கினம். உடைச்சது நியாயம்தானே? இதை எந்த வாயாலை சொல்லுறது?"

"ஆள் ஆர்?"

"தெரியாது. நான் இந்த ஊரில்லையே."

வெளியே வந்தோம். மூப்பர் பொல்லை ஊன்றிக்கொண்டு எழுந்தார். கொட்டிலுக்கு ஓலைச் சுவர். இருமினாலும் வெளியே கேட்கும்.

"மூப்பர், தவக்காலத்திலை இந்தத் தீவிலை ஆர் செத்தது?" என்றார் சிவகுருவர்.

"சாவு விழுந்தால் மணி அடிப்பம் ஐயா. கோயில்மணி அடிக்கிறது நான்தானே. துக்கமணி மாசிக்குப் பிறகு அடிக்கேல்லை."

"ஊரை விட்டுப் போனவை ஆரும்?"

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என்ரை தம்பி மனுவேல் போனவன். ரங்கூனுக்கு. தவக்காலத்திலைதான், நான்தான் ஊர்காவற்றுறையிலை கொண்டுபோய்க் கப்பலேத்தி விட்டனான். அவன்ரை பெண்சாதி றோசம்மா வடக்குப் பக்கம் இருக்கிறா. வேணுமெண்டால் போய் விசாரியுங்கோ." பிறகு கொட்டில் பக்கம் தலையை ஆட்டினார். "இவவை நான் பாத்துக்கொள்ளுறன்."

கல்வேலிகளுக்கு நடுவே வடக்கு நோக்கி நடந்தோம். சோழகக் காற்று மணலை அள்ளிப் பிடரியில் அடித்தது. வழியில் ஒரு குதிரைக் கூட்டம் நின்று எங்களைப் பார்த்தது, மேயவும் இல்லை, விலகவும் இல்லை.

"துக்கமணி இல்லாமல் ஒரு பிணம்," என்றேன். "கொலை எண்டுறியள்."

"கொலைதான். ஆனால் கொன்றவன் ஆற அமர இருந்து பெருவிரலைக் கட்டி, மெழுகுதிரியும் கொளுத்துவானோ? கட்டினது செத்தவனிலை பாசம் உள்ள ஆள். மறைச்சதும் அதே ஆள். புருசன் செத்தால் ஆர் காலைக் கட்டுவினம் சில்வெஸ்ரர்?"

"பெண்சாதி இல்லாட்டில் கூடப்பிறந்ததுகள். ஐயா, பாசம் வைச்சு மண்டையைப் பிளக்கிற பெண்சாதியைப் பற்றி நீங்கள் இப்பிடிக் கதைக்கேக்கை, கலியாணம் கட்டாத எனக்கு மனசுக்குச் சுகமா இருக்கு."

"வாயைப் பொத்திக்கொண்டு நடவும்."

றோசம்மா அடுப்படியில் இருந்தாள். நெருப்பு முகத்தில் அடிக்க, எண்ணெய்ச் சட்டியில் பயத்தம்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். திருநாளுக்கு வீடு நிறைந்த வாசம். நாங்கள் யாரென்று சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டாள், தட்டில் பணியாரம் குவித்தாள். அன்னமுத்துவுக்குத் தினமும் மத்தியானச் சோறு கொடுத்து விடுகிறவளும் இவள்தானாம். நான் இரண்டு கையாலும் சாப்பிட்டேன். கொலைகாரியின் கைப்பக்குவம் இப்படி இருந்தால் நீதவானே மன்னிப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவகுருவர் தட்டைத் தொடவில்லை. எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் மெல்ல மாறியது.

"பிள்ளை, மனுவேலிட்டை இருந்து ஏதும் சேதி?"

"ஒண்டுமில்லை ஐயா. ரங்கூன் எண்டால் பெரிய ஊராம், வேலை கிடைச்சு இருக்க இடம் பாக்கவேணுமே. அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறன், வந்திடுவார்." ஒரு பணியாரத்தைத் திருப்பினாள். "கனக்கச் சுடுறன் எண்டு பாக்கிறியள். இது எனக்கு மட்டுமில்லை, அத்தான் வீட்டுக்கும் சேர்த்துத்தான். உயிர்த்த ஞாயிறுக்கும் நான்தான் சுட்டுக் குடுத்தனான்."

"ஆர், மூப்பர் வீட்டுக்கோ? ஏன், அங்கை சுட ஆளில்லையோ?"

"மனிசி இருக்கிறாதானே. அத்தான்தான் இந்த வருசம் வீட்டிலை எண்ணெய்ச்சட்டி வைக்கவேண்டாம் எண்டிட்டார். ஏனெண்டு கேட்டால் வாய் துறக்கிறாரில்லை. தம்பிக்கு ஏதும் நேர்த்தியாக்கும்."

நான் வாயில் வைத்த பணியாரம் அப்படியே நின்றுவிட்டது.

சாவு விழுந்த வீட்டிலே அந்த வருசம் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். பெருநாளுக்கு அயலவர்களும் சொந்தக்காரர்களும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். புருசன் செத்தது தெரிந்தவளாக இருந்தால் றோசம்மா இந்த அடுப்பையே மூட்டியிருக்கமாட்டாள். அவளுக்குத் தெரியாது. பாவி மனுசி, ஒன்றும் தெரியாமலே துக்கவீட்டுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தெரிந்தவன் அந்த அண்ணன் ஒருவன்தான். ஊரை ஏமாற்றிப் பேய்க்காட்டினான், தம்பியின் பெண்சாதியைப் பேய்க்காட்டினான், தம்பிக்கு உரிய துக்கத்தை மட்டும் அவனால் விடமுடியவில்லை.

சிவகுருவர் என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். படலையைத் தாண்டியதும் சொன்னார்.

"நான் கேட்டதுக்கெல்லாம் அவன் உண்மையைச் சொன்னான், சில்வெஸ்ரர். ரங்கூனைத் தவிர எல்லாம் உண்மை. எங்களை இஞ்சாலை அனுப்பத்தான் சொன்னான். பாலுக்குப் பூனையைக் காவல் வைச்சிட்டு வந்திருக்கிறம்."

ஓடினோம். அறுபது வயது மனிதர் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. மறைப்பின் ஓலை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கரையிலே வலை உலர்த்திக்கொண்டு நின்றவனைக் கேட்டேன்.

"அந்தப் பொம்பிளையோ? சனம் கோவமா இருக்கு, இருட்டுறதுக்கு முன்னம் நாரந்தனையிலை கொண்டுபோய் விடுறன் எண்டு மூப்பர் வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போறார். தங்கமான மனிசன்."

கடலில் ஒரு பாய் தெரிந்தது. வெகுதூரம் போய்விட்டது.

"எங்களுக்கு ஒரு வள்ளம் இறக்கும்."

"இந்தச் சோழகத்திலையோ? மூப்பரைத் தவிர ஒருத்தரும் இறக்காயினம்."

அவனோடு கதைத்துப் பயனில்லை என்று நானே ஒரு வள்ளத்தைப் பிடித்துத் தள்ளினேன். அது அசையவில்லை. சிவகுருவர் வந்து பக்கத்தில் நின்று தள்ளினார். அப்போதுதான் கடலில் அந்தப் பாய் சடாரென்று இறங்கியது. நடுக்கடலில், கரை கிட்டாத இடத்தில், பாயை இறக்க ஒரு காரணமும் இல்லை.

இரண்டு பேரும் தள்ளுவதை நிறுத்திவிட்டோம். அலை உயர்ந்தது. வள்ளம் தெரிந்தது, மறைந்தது. எனக்கு ஒரு தலைதான் தெரிந்தது. "மாதாவே" என்று சொல்லிக்கொண்டு கண்ணைக் கசக்கினேன். மறுபடி பார்த்தபோதும் ஒரு தலைதான்.

"செத்துப்போனாள்," என்றார் சிவகுருவர். "நான் சாகக் குடுத்திட்டன்." மணலில் இருந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெய்யில் சாயச் சாய அந்தப் புள்ளி பெரிதானது. காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போட்டு வள்ளம் திரும்பி வருகிறது. எந்தக் கொலைகாரனும் அப்படிக் கஷ்டப்பட்டுத் திரும்பமாட்டான். வள்ளம் கிட்ட வந்தபோதுதான் விளங்கியது. வள்ளத்துக்குள்ளே கூனிக் குந்தியிருந்ததிலும், பிறகு குனிந்து குனிந்து துடுப்புப் போட்டதிலும் மூப்பரின் தலை எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த தலை அன்னமுத்துவினுடையது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தின் பின்னணியத்தில் இருந்தாள்.

நான் தண்ணீருக்குள் இறங்கி அவளைப் பிடித்து இறக்கினேன். பல் கிட்டித்திருந்தது.

"தள்ளத்தான் கொண்டுபோனவர். பாயை இறக்கிப்போட்டுத் துடுப்போடை எழும்பினார். நான் கத்தேல்லை. கத்தினால் ஆருக்குக் கேக்கும்? கண்ணை மூடிக்கொண்டன். அடி விழேல்லை. பேந்து கேட்டார், 'பிள்ளை, அவன்ரை முகம் நொந்த மாதிரிக் கிடந்ததோ' எண்டு. இல்லை, ஆறிப்போய்க் கிடந்தது எண்டன். இருந்திட்டார். கனநேரம் அப்பிடியே இருந்தார். பேந்து வள்ளத்தைத் திருப்பினார்."

மூப்பர் முழங்கால் தண்ணீரிலே நின்றார். அவ்வளவு பெரிய மனிதர் கூனிப்போயிருந்தார்.

"வலை எங்கை போடுறது எண்டு வாய்த்தர்க்கம் ஐயா. ஒரு மண்ணாங்கட்டி விசயம். துடுப்பாலை ஒரு அடி அடிச்சனான்," என்றார் சிவகுருவரைப் பார்க்காமலே. "தாடையைக் கட்டேக்கைகூட நான் அவன்ரை முகத்தைப் பாக்கேல்லை. ஏலாமல் போச்சு. மண்வெட்டி எடுக்கப் போன நேரம்தான் இந்தப் பிள்ளை வந்திருக்கு. முந்தநாள், திருநாளுக்கு மறைப்பு அவிழ்க்க ஆயத்தம் பாக்கப் போறன், குதிரைக்குக் கீழை கிடந்து என்னைப் பாக்கிறான்."

சிவகுருவர் அவருடைய கையைப் பிடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை. அதற்குள் பின்னாலே மணலில் காலடி கேட்டது. நாங்கள் ஓடின ஓட்டத்தைக் கண்டு, கடைசியில் மனம் பொறுக்காமல் அடுப்பை அணைத்துவிட்டு, றோசம்மா மாப்படிந்த கையோடு வந்துகொண்டிருந்தாள்.

"என்ன அத்தான் நடந்தது? ஏன் எல்லாரும் இப்பிடி நிக்கிறியள்? அவரைப் பற்றி ஏதும் சேதியோ?"

மூப்பர் தண்ணீரை விட்டு ஏறி அவளுக்கு முன்னாலே வந்தார்.

"அவன் ரங்கூனுக்குப் போகேல்லைப் பிள்ளை. தெற்கு வாடிக்குப் பின்னாலை கிடக்கிறான். நான்தான் அடிச்சனான். நான்தான் தாட்டனான்."

நான் அவள் விழுவாள் என்று நினைத்து ஒரு அடி முன்னால் வைத்தேன். அவள் விழவில்லை. மூப்பரைப் பார்த்தாள், எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள், பொய் என்று யாராவது சொல்லுவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றாள். யாரும் சொல்லவில்லை. அன்னமுத்துதான் ஈரச் சேலையோடு அவளுக்குக் கிட்டப் போனாள்.

"அவரைக் கடைசியாக் கண்டது நான் அக்கா. நான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்கவேணும். அவரின்ரை முகத்தை வைச்சு..."

றோசம்மா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"தனியவோ கிடந்தவர்?" என்றாள்.

அன்னமுத்து அவளுடைய முகத்தை நேரே பார்த்தாள்.

"இல்லையக்கா. நான் பக்கத்திலை இருந்தனான். கனநேரம் இருந்தனான்."

றோசம்மா தோல் உரிந்த அந்தக் கையை எடுத்துத் தன்னுடைய இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அப்போதுதான் அழத் தொடங்கினாள்.